முதலில் ஆட்டுக்கு

யோகாம்பாள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அது முதலில் மனித வாய்க்குள் போகாது. கிணற்றை ஆழப்படுத்தினால் முதல் வாளித் தண்ணீர் மாட்டுக்கு. கூட்டுறவுச் சங்கக்கடையில் புதுச் சாதி மா வந்தால் முதல் உருண்டை நாய்க்கு. பெயர் தெரியாத மீனை யாராவது கொண்டுவந்தால், பூனை தின்றுவிட்டு நடமாடுவதைப் பார்த்த பிறகுதான் அது சட்டிக்குள் இறங்கும். புருஷன் ஏரம்பு உயிரோடு இருந்த காலத்தில், "மாடு குடிச்சு, நாய் திண்டு, பேந்துதான் எனக்கு. இந்த வீட்டிலை எனக்கு மூண்டாம் இடம்" என்று பகிடி விடுவார். அவர் பாம்பு கடித்துச் செத்தார். பாம்பை வேறு ஒன்றிடம் முதலில் கடிக்கக் கொடுத்துப் பார்க்க வழி இருக்கவில்லை.

நாரந்தனையில் அவளுக்கு நல்ல பெயர். யோசித்துச் செய்கிற மனுசி என்பார்கள். அதில் பொய் இல்லை. புத்தி இருக்கிற இடத்தில் இரக்கமும் இருக்க வேண்டும் என்று ஊரில் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஏரம்பர் போன பிறகு காணியையும் பனையையும் ஆட்டுப்பட்டியையும் அவளே பார்த்தாள். ஒரே மகன் குலசிங்கம் சங்கக்கடை மனேச்சர். அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தே நிறை சொல்லத் தெரிந்த அவனுக்கு, தாயின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது.

வருடா வருடம் வைரவர் கோயில் வேள்விக்குப் பலியாக அந்த வீட்டிலிருந்து ஒரு கிடாய் போகும். சந்தையில் வாங்கிய கிடாய் இல்லை. வீட்டுப் பட்டியில் பிறந்து, வீட்டுக் கையால் குழை தின்று வளர்ந்த கிடாய். கொம்பு கோணாமல், காது கிழியாமல், உடம்பில் ஒரு ஊனமும் இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கதைக்கு முந்தின வருடம் வெள்ளைச்சி என்கிற மறியாடு போட்ட குட்டிக்குத் தாடை கோணி, ஒரு கண் திறக்கவேயில்லை. பட்டியில் வேறு கிடாய்க்குட்டி இல்லாததால் முதல்முறையாக வெளியில் வாங்கி வளர்க்க வேண்டி வந்தது. அந்த வெட்கம், இரண்டு பேரப்பிள்ளைகள் செத்த துக்கத்தோடு சேர்ந்து யோகாம்பாளின் மனதில் கிடந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டிருந்தால் அவளே தடுமாறியிருப்பாள்.

மருமகள் மீனலோசனி அனலைதீவுப் பெட்டை. வழக்கப்படி குலசிங்கம்தான் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்த வீடு கடலுக்கு அப்பால், கடை இந்தப் பக்கம். அதனால் அவள் மாமியிடம் வந்தாள். வந்த வருடமே முழுகாமல் இருந்தாள். பிள்ளை மண்டை ஓடு மூடாமல் பிறந்து, ஒரு சத்தம் போட்டு அடங்கியது. பார்த்த பெண்கள் வெளியே போய்த் தவளை என்று சொன்னார்கள். இரண்டாவது பிள்ளை முதுகு பிளந்து பிறந்து, கொஞ்ச நாள் கிடந்து செத்தது. அதுவரை மருமகளை 'நீர்' என்று கதைத்துவந்த யோகாம்பாள் அதன் பிறகு 'நீ' என்று கதைக்கத் தொடங்கினாள். பரிசாரியார் வந்து நாடி பிடித்து, உடம்பில் குளிர் ஏறியிருக்கிறது, கீரை வகை ஒன்றும் ஆகாது என்று சொன்னார். அன்றிலிருந்து மீனலோசனிக்குச் சோறும் கருவாடும் சரக்குத்தூளும், பின்னேரத்தில் பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற் பிட்டும். வேலி முருங்கையின் இலையெல்லாம் ஆட்டுக்கு.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில், சோளகக் காற்று அடித்து ஓய்கிற காலத்தில், பஸ்ரியாம்பிள்ளையின் வாடகைக் கார் படலைக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கினவன் யோகாம்பாளின் தமக்கை மகன் பரராசசிங்கம். பேராதனையில் மிருக வைத்தியம் படிப்பிக்கிறவன். அதற்கு முன் லண்டனில் மூன்று வருடம் எலி வளர்த்துப் பட்டம் வாங்கியவன். ஊரில் அவனுக்கு எலி டொக்டர் என்று பெயர். மாட்டு டொக்டராக வந்திருந்தால் ஊருக்காவது பிரயோசனம் என்று சனம் சொல்லும்.

யோகாம்பாள் கதிரையை இழுத்துப் போட்டாள். பெறாமகனுக்குத் தேத்தண்ணி வந்தது. கொண்டுவந்து வைத்த மீனலோசனி குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"சின்னம்மா, குலத்தின்ரை பிள்ளையளைப் பற்றிக் கேள்விப்பட்டனான்" என்றான் பரராசசிங்கம்.

"கேள்விப்படாத ஆள் ஆர் தம்பி? கடலுக்கு அங்காலையும் கேட்டிருக்கும்."

"நான் லண்டனிலை செய்தது உந்த வேலைதான்."

"என்னது, பிள்ளை பெறுவிக்கிறதோ?"

அவன் சிரித்தான். "இல்லை. எலியளுக்குச் சாப்பாட்டிலை ஒரு சத்தை இல்லாமல் பண்ணிப் பாத்தம். கீரையிலை, ஈரலிலை இருக்கிற சத்து. அது இல்லாத எலியள் போட்ட குட்டியளிலை கனக்க ஊனம். மண்டை மூடாது, முள்ளந்தண்டு மூடாது. அதே சத்தை நேரத்தோடை திருப்பிக் குடுத்தால் குட்டியள் முழுசாய் வந்துது."

"எலிக்கு."

"எலிக்குத்தான். சீமையிலை இப்ப பொம்பிளையளுக்கும் குடுத்துப் பாக்கினம். இன்னும் முடிவாய் ஒண்டும் சொல்லேல்லை. குடுக்கிறதாலை கெடுதல் இல்லை சின்னம்மா."

"அப்ப மனிசரிலை பாத்து முடியேல்லை."

"ஓம். முடியேல்லை. ஆனால்…"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனிதரில் பார்த்தாயிற்று, பலித்தாயிற்று என்று அவன் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் படித்தவனுக்கு வாயில் பொய் வரவில்லை. பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தான். உள்ளே சின்னச் சின்ன மஞ்சள் குளிசைகள்.

"இண்டையிலையிருந்தே நாளுக்கு ஒண்டு. வயித்திலை தங்கிறதுக்கு முதலே தொடங்கோணும். தங்கின பிறகு பாப்பம் எண்டு விடக்கூடாது. கீரையும் நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கோ."

இதைச் சொல்லும்போது அவன் முற்றத்துச் செவ்வரத்தையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தம்பி முறையானவனின் மனைவியிடம் வயிற்றைப் பற்றிக் கதைப்பது மரியாதை இல்லை. அதனால் கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் கொடுக்க வேண்டிய போத்தலைச் சின்னம்மாவின் கையில் கொடுத்தான். காரில் ஏறும்போது பெரிய உதவி செய்துவிட்ட சந்தோசம் அவன் முகத்தில் இருந்தது.

யோகாம்பாள் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அவளுக்கு அந்த மருந்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எலிக்குப் பலித்தது என்று ஆராய்ந்தவனே சொல்கிறான். ஆனால் எலி எங்கே, மனிசர் எங்கே? இடையில் ஒரு படி இருக்க வேண்டாமா? எலியைவிடப் பெரியது, மனிசரைப் போலப் பால் கொடுக்கிறது, முன்பு ஊனக்குட்டி போட்டது என்று ஒன்று பட்டியில் நிற்கிறது. அதற்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல குட்டி போட்டால் மருமகளுக்குக் கொடுக்கலாம். வேள்விக்கும் ஒரு கிடாய் கிடைக்கும். வயிற்றில் தங்குவதற்கு முதலே என்று பெடியன் சொன்னது அவள் காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் ஐந்தாம் மாதம் வரை வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீரும் கட்டியும்தான், உருவும் உயிரும் அதற்குப் பிறகுதான் இறங்கும் என்று அவள் தாய் சொல்லி, தாயின் தாய் சொல்லி, அவள் அறிந்திருந்தாள். அதற்குள் ஆடு குட்டி போட்டுவிடும்.

அந்தக் கிழமையே வெள்ளைச்சியைக் கிடாய்க்கு விட்டாள். காலையில் பிண்ணாக்கை ஊறவைத்து, அதற்குள் மஞ்சள் குளிசை ஒன்றைப் பொடித்துப் போட்டாள். ஆடு நக்கி முடிக்கும் வரை பக்கத்தில் குந்தியிருந்தாள்.

மீனலோசனி பட்டியைக் கூட்ட வந்தவள், கும்பாவுக்குள் கிடந்த மஞ்சள் பொடியைப் பார்த்தாள்.

"மாமி, அது அண்ணை தந்த குளிசை அல்லோ?"

"ஓம்."

"எனக்கெண்டுதானே தந்தவர்?"

"உனக்குத்தான். ஆர் இல்லையெண்டது? மனிசரிலை இன்னும் பாக்கேல்லை எண்டு அவனே சொன்னவன். உனக்கு ஏதும் நடந்தால் உன்ரை கொப்பருக்கு ஆர் பதில் சொல்லுறது? முதல்லை ஆட்டுக்குக் குடுத்துப் பாப்பம்."

"வயித்திலை தங்க முதலே குடிக்கோணும் எண்டு சொன்னவர் மாமி. நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

"ஒட்டுக் கேட்டனீ எண்டு சொல்லு. ரெண்டைப் பெத்து ரெண்டையும் தாட்டுப்போட்டு, இப்ப எனக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டாய். கூட்டிப்போட்டுக் குழையை வெட்டிப் போடு."

மீனலோசனி கூட்டினாள். பிறகு கொக்கத்தடியை எடுத்துப் போய் முருங்கையை வளைத்து, இலைக் கொத்துகளை முறித்து ஆட்டுக்குப் போட்டாள்.

அன்று குலசிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "அம்மா ஒண்டும் காரணமில்லாமல் செய்யமாட்டா" என்றான். பிறகு, குழம்பில் உப்புக் குறைவு என்றான்.

புரட்டாதி போய் ஐப்பசியில் மழை தொடங்கியபோது மீனலோசனி முழுகாமல் இருப்பது தெரிந்தது. வாடைக்காற்று கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வயல் உழவுக்கு ஆள் பிடித்து, அவர்களுக்குக் கூழ் காய்ச்சி, வரம்பு கட்டுவதைப் போய்ப் பார்த்து யோகாம்பாளுக்கு ஓய்வில்லை. அந்த ஓய்வில்லாத நேரத்திலும் வெள்ளைச்சியின் பிண்ணாக்குத் தவறவில்லை. மழைக்கு ஒதுங்க ஆட்டுக்குப் புதுக் கொட்டில் போட்டாள். சினையாடு நனைந்தால் சளி பிடிக்கும்.

ஒருநாள் வயலிலிருந்து வழக்கத்தைவிட முந்தி வந்தவளுக்குக் குசினியிலிருந்து வேறு மணம் வந்தது. எட்டிப் பார்த்தாள். மீனலோசனி அடுப்படியில் குந்தியிருந்து, சின்னச் சட்டியில் முருங்கையிலை அவித்து, உப்புக்கூடப் போடாமல் அள்ளி அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். பசியில் தின்பவள் அப்படித் தின்னமாட்டாள். மருந்து தின்பவள்தான் தின்பாள்.

"எடியே!"

அவள் சட்டியை முந்தானைக்குள் இழுத்தாள். வாய் நிறைய இலை.

"பரிசாரியார் என்ன சொன்னவர்? குளிர்ச் சாமான் தொடக்கூடாதெண்டு சொன்னவரோ, இல்லையோ?"

"அண்ணை கீரை சாப்பிடச் சொன்னவர் மாமி."

"அவன் எலிக்கு டொக்டர். நீ எலியோ?"

"மாமி, குளிசைதான் தரமாட்டியள். இந்த இலையையாவது திண்டிட்டுப் போறன். உங்களுக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும். இந்தப் பிள்ளையும் அப்பிடிப் போனால் நான் தாங்கமாட்டன்."

"தாங்காமல் என்ன செய்யப் போறாய்? ரெண்டு தரம் தாங்கினனீ தானே."

யோகாம்பாள் சட்டியை வாங்கினாள். அடித்துப் பறிக்கவில்லை, கையை நீட்டினாள், அவள் கொடுத்தாள். மிச்சத்தைக் கொண்டுபோய் வெள்ளைச்சியின் கும்பாவில் கொட்டினாள். அவித்த இலையை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. "பாத்தியோ, ஆடே தின்னுதில்லை" என்றாள் யோகாம்பாள், நியாயம் தன் பக்கம் இருக்கிற தொனியில். அன்றிலிருந்து முருங்கையில் இலை ஒடிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் வெள்ளைச்சி குட்டி போட்டது. இரண்டு குட்டி. இரண்டும் கிடாய். ஒன்று கன்னங்கறுப்பு. யோகாம்பாள் வைக்கோலால் துடைத்து, வாயைத் திறந்து பார்த்தாள். தாடை நேர். கண் இரண்டும் திறந்திருந்தன. காது, குளம்பு, முதுகெலும்பு என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவள் உண்மையாகவே அழுதாள்.

"எடி மீனா, ஓடி வா! வந்து பார்! பெடியன் சொன்ன மருந்து பலிச்சுது!"

மீனலோசனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அப்போது அவளுக்கு நாலு மாதம் கழிந்து ஐந்து. யோகாம்பாள் இரத்தமும் சளியும் பட்ட கையைக் கழுவிவிட்டு, அலுமாரியைத் திறந்து, போத்தலைக் கொண்டுவந்து ஒரு குளிசையை மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா. இண்டையிலையிருந்து ஒரு நாளும் தவறாமல் குடி. உரு இறங்குறது இனித்தான், பயமில்லை."

மீனலோசனி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். பிந்திவிட்டதோ என்று கேட்க வாயெடுத்தவள், மாமியின் முகத்தில் அத்தனை சந்தோசத்தைப் பார்த்து, தானும் நம்பிவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கு நல்ல காலம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த மாசி, பங்குனி, சித்திரைதான். யோகாம்பாள் அவளை மீண்டும் 'நீர்' என்று கூப்பிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். குளிசை குடித்த பிறகு ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தாள். இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து கறுத்தக் குட்டி துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"உம்முடைய பிள்ளையும் உப்பிடித்தான் துள்ளப்போகுது" என்பாள் யோகாம்பாள்.

"வயித்துக்குள்ளை இப்பவே துள்ளுது மாமி."

ஆனியில் நோக்காடு கண்டது. பஸ்ரியாம்பிள்ளை காரைக் கொண்டுவந்தார். ஆசுப்பத்திரி வாங்குப் பலகையில் யோகாம்பாளும் குலசிங்கமும் இருந்தார்கள். வெயில் ஏறி இறங்கியது. மருத்துவிச்சி வெளியில் வந்து, குலசிங்கத்தைப் பார்க்காமல் யோகாம்பாளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

துணியை விலக்கிக் காட்டினாள். கை, கால், விரல், நகம் எல்லாம் வடிவாக இருந்தன. பொம்பிளைப் பிள்ளை. புருவத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. முதல் பிள்ளையைப் போலவே. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. யோகாம்பாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது.

கட்டிலில் கிடந்தவள் தலையைத் தூக்கி, "மாமி, பிள்ளை முழுசாய் இருக்கோ?" என்று கேட்டாள்.

"ஆட்டுக்குப் பலிச்சுது" என்றாள் யோகாம்பாள். "அதே மருந்து. அதே கை. அதே போத்தல். ஆட்டுக்குப் பலிச்சது உனக்குப் பலிக்கேல்லை எண்டால் பிழை எங்கையடி இருக்கு?"

மருத்துவிச்சி, "அம்மா, வெளியிலை போங்கோ" என்று அதட்டினாள்.

இந்தக் கதை ஊர் முழுக்கப் போனது. யோகாம்பாள்தான் கொண்டுபோனாள். கிணற்றடியில் கேட்டவர்களுக்கும் கோயில் வீதியில் கேட்டவர்களுக்கும், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். தான் லண்டன் மருந்து கொடுத்தது, ஆட்டில் சோதித்தது, ஆடு இரட்டைக் கிடாய் போட்டது, பனங்கட்டி கொடுத்து வளர்த்த மருமகள் மட்டும் இப்படிப் பெற்றது. யாருக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆட்டுக்குட்டி கண்முன்னால் ஓடித் திரிந்தது. மீனலோசனியைக் கண்டால் முழுகாமல் இருக்கிற பெண்கள் வழி மாற்றி வேறு ஒழுங்கையால் போனார்கள். அவளும் மெல்ல மெல்ல அதை நம்பினாள். உரு இறங்குவதற்கு முதலே குடித்தாள் என்று மாமி சொல்லிவிட்டாள். தன்னைத் தவிர வேறு எதில் பிழை என்று காட்ட அவளிடம் என்ன இருந்தது?

ஆடியில் பரராசசிங்கம் விடுமுறைக்கு வந்தான். யோகாம்பாள் அவனைக் கதிரையில் இருத்தி, ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டான்.

"எப்ப தொடங்கினனீங்கள் சின்னம்மா?"

"தையிலை. வெள்ளைச்சி குட்டி போட்ட அண்டு."

"தையிலையோ? நான் ஆவணியிலை அல்லோ தந்தனான்?"

"ஆட்டுக்குக் குடுத்துப் பாக்காமல் எப்பிடிக் குடுக்கிறது? நீயும் எலிக்குக் குடுத்துப் பாத்துத்தானே இஞ்சை வந்து கதைச்சனீ?"

பரராசசிங்கம் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். "சின்னம்மா, மண்டையும் முள்ளந்தண்டும் முதல் மாசத்துக்குள்ளையே மூடியிடும். வயித்திலை இருக்கெண்டு தாய்க்கே வடிவாய்த் தெரிய முதல். அந்த நேரம் மூடாட்டில், பேந்து போத்தல் போத்தலாய்க் குடுத்தாலும் மூடாது. அஞ்சாம் மாசம் குடுத்து என்ன பிரயோசனம்?"

யோகாம்பாள் பட்டிப் பக்கம் திரும்பினாள். "அப்ப ஆட்டுக்கு?"

"ஆடு அசை போடுற பிராணி. அதின்ரை வயித்திலை அந்தச் சத்து தானாய் உண்டாகும். உங்கடை குளிசை அதுக்குத் தேவையே இல்லை. குடுக்காட்டிலும் உதே குட்டியளைத்தான் போட்டிருக்கும்."

"முந்தி ஊனக்குட்டி போட்டதே."

"என்னத்தைக் கடிச்சுதோ, ஆருக்குத் தெரியும்? அதுக்கும் இதுக்கும் தொடுசல் இல்லை."

அந்தப் பிள்ளையின் விரல்களையும் நகங்களையும் யோகாம்பாள்தான் பார்த்தவள். அலுமாரிக்குள் போத்தல் பூட்டிக் கிடந்த மாதங்கள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. குரல் இறங்கிப்போய்க் கேட்டாள். "நேரத்தோடை குடுத்திருந்தால் தப்பியிருக்குமோ தம்பி?"

"நிச்சயமெண்டு சொல்லேலாது. தப்பியிருக்கலாம்."

அந்த 'நிச்சயமெண்டு சொல்லேலாது' என்பதை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மற்றதை விட்டுவிட்டாள்.

அவன் பையிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்தான். "மீனாவுக்கு இன்னும் வயசிருக்கு. இண்டைக்கே தொடங்கட்டும். உடம்பு தேறி, அடுத்தது தங்கிற நேரம் மருந்து உடம்பிலை இருக்கோணும். நல்ல பிள்ளை பிறக்க இடமிருக்கு சின்னம்மா. உண்மையாய்ச் சொல்லுறன்."

யோகாம்பாள் போத்தலை வாங்கி மடிக்குள் சொருகினாள். "ஒண்டு கேக்கிறன் தம்பி. பிந்திக் குடுத்ததுதான் பிழை எண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதை. குலத்துக்கும் சொல்லாதை. குடும்பம் குலைஞ்சுபோம்."

அவன் பதில் சொல்வதற்குள் மீனலோசனி கோப்பை எடுக்க வந்தாள். மெலிந்து போயிருந்தாள். கோப்பையை எடுத்தவள் போகாமல் நின்றாள். முதல்முறையாக அவனை நேரே பார்த்துக் கதைத்தாள்.

"அண்ணை, நான் ஒரு நாளும் தவறாமல் குடிச்சனான். ஆட்டுக்குப் பலிச்சது எனக்கேன் பலிக்கேல்லை? என்னிலையோ பிழை?"

ஒரு வசனம் போதும். 'இல்லை, உமக்குப் பிந்தித் தந்தவை.' அவ்வளவுதான். பரராசசிங்கம் சின்னம்மாவைப் பார்த்தான். சின்னம்மா செவ்வரத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடிப் பிழையெண்டு சொல்லேலாது" என்றான் அவன். "சிலபேருக்கு உடம்பு வாசி அப்பிடி."

அவள் தலையாட்டிவிட்டுக் கோப்பையைக் கொண்டு போனாள். எலிக்கு ஊனம் வந்தால் அது ஏன் என்று மூன்று வருடம் தேடிய மனிதன் காரில் ஏறிப் போனான். வீட்டுச் சண்டையை மூட்டாமல் வந்தோமே என்று அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

அதன் பிறகு யோகாம்பாளுக்கு மருமகளை வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் குனிந்து கூட்டினால் ஆத்திரம் வந்தது. குழை போட்டால் ஆத்திரம் வந்தது. ஒன்றும் கேட்காமல் சும்மா இருந்தால் இன்னும் ஆத்திரம் வந்தது. செய்த பிழை சேலை கட்டிக்கொண்டு முற்றத்தில் நடமாடினால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? என்றைக்கோ ஒருநாள் பரராசன் வாயைத் திறப்பான். அன்றைக்கு மகன் தன்னைப் பார்க்கிற பார்வையையும், ஆட்டுக்காகப் பேத்தியைத் தின்றவள் என்று ஊர் சொல்லப் போவதையும் நினைத்தாள். அதற்கு முதல் இவள் போய்விட வேண்டும். பிழை இவளோடு போய்விட வேண்டும்.

குலசிங்கத்திடம், "கொஞ்ச நாளைக்குத் தாய் வீட்டிலை இருந்து உடம்பைத் தேத்திக்கொண்டு வரட்டும்" என்றாள். அவன் ஓம் என்றான்.

தகப்பன் அப்புத்துரை அனலைதீவிலிருந்து வந்தார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் நிமிர்ந்து நிற்க அவருக்கு முடியவில்லை. மூன்று தரம் கெட்ட பிள்ளை பெற்றவளின் தகப்பன். "என்ரை பிள்ளையாலை உங்களுக்குக் கரைச்சல்தான்" என்று சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்டார். யோகாம்பாள், "விதி அண்ணை, ஆரை நோகிறது?" என்றாள்.

காரில் ஏறுவதற்கு முன் மீனலோசனி திரும்பி வந்தாள்.

"மாமி, அண்ணை இந்த முறையும் போத்தலொண்டு தந்தவரெல்லே, உங்கடை மடியிலை கண்டனான். அதைத் தந்தால் அங்கை இருந்து குடிப்பன். திரும்பி வரேக்கை உடம்பு தயாராய் இருக்கும்."

"அது சத்துக் குளிசை, எனக்கு முழங்கால் உளைவுக்குத் தந்தவன்" என்றாள் யோகாம்பாள். "நீ போட்டு வா."

மீனலோசனி நம்பினாள். குனிந்து மாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் தகப்பனும் மகளும் மோட்டார் வள்ளத்தில் ஏறினதாகவும், கச்சான் காற்றுக்குக் கடல் கொந்தளித்தபோதும் அவள் பயப்படாமல் இருந்ததாகவும் பஸ்ரியாம்பிள்ளை திரும்பி வந்து சொன்னார். யோகாம்பாள் கேட்டது அதையல்ல. வள்ளம் போய்விட்டதா என்பதை மட்டும்தான்.

கொஞ்ச நாள் என்றது மாதமாகி, மாதம் வருடமானது. அப்புத்துரை இரண்டு தரம் வந்து குலசிங்கத்தைச் சங்கக்கடையில் கண்டார். அவன் அரிசி நிறுத்துக்கொண்டே, அம்மாவோடு கதையுங்கோ என்றான். பிறகு கோட்டுக்குப் போய் விவாகப் பிரிவினை எழுதினார்கள். மூன்று பிள்ளையின் கதையைக் கேட்ட எவரும் குலசிங்கத்தின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. அனலைதீவில் மீனலோசனியைக் கலியாண வீடுகளுக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்வி.

பிரிவினை முடிந்து அடுத்த வைகாசியில் வேலணையிலிருந்து விமலாம்பிகை என்ற பெட்டை குலசிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வயது கொஞ்சம் ஏறின பெண், அடக்கமானவள். கலியாணத்துக்கு மறுநாள் காலை அவள் முழுகி, ஈரத் தலையோடு குசினிக்கு வந்தபோது யோகாம்பாள் அலுமாரியைத் திறந்து கொண்டிருந்தாள். ஒரு கையில் செம்புத் தண்ணீர். மறு கையில் மஞ்சள் குளிசை. அடுப்பில் முருங்கையிலைச் சுண்டல்.

"இந்தாரும் பிள்ளை. இண்டையிலையிருந்து நாளுக்கு ஒண்டு. ஒரு நாளும் விடப்படாது."

"என்ன மாமி இது? எனக்கு வருத்தம் ஒண்டுமில்லையே."

"வருத்தத்துக்கில்லை. பிறக்கப்போற பிள்ளைக்கு. பிள்ளை வயித்திலை தங்க முதலே தொடங்கோணும்."

புதுப்பெண் வெட்கப்பட்டு வாங்கினாள். வாயில் போடப் போனவள் நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "முந்தி இருந்த அக்காவும் இதைக் குடிச்சவவோ?"

யோகாம்பாள் தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுத்தாள்.

"குடிச்சவள்தான். பிந்திக் குடிச்சாள். அவள் விட்ட பிழையை நீர் விட்டிடாதையும்."